பன்னெண்டாவது மாசம் எங்கலே இருப்ப?

வாலே வா. திண்ணையில உக்காரு. செருப்ப அங்ஙனயே கழத்திப் போடு. நாய் தூக்காது, அதுக்கு இப்பப் பல்லு கெடையாது. அதென்ன கக்கத்துல? பொண்ணு பாக்கப் போறவன் சாதகத்தைக் கொண்டு போற மாதிரி அணைச்சிட்டு வாற. காகிதமா! அம்புட்டும் உங் காகிதமா?

ஒண்ணொண்ணா எடுத்து வையி. ஆதாரு. அதுக்கொரு நகலு. வாக்காளர் அட்டை. பான் கார்டு. பத்தாங்கிளாசு மார்க்குத்தாளு. கரண்டு பில்லு, அது ஆரு பேருல இருக்கு? வீட்டுக்காரம்மா பேருலயா, சரி. இது என்னலே பத்திரம்? வாடகை ஒப்பந்தமா? படி கேப்போம், என் கண்ணாடி உள்ள கெடக்கு. என்னது? பதினோரு மாசமா?

அப்பம், பன்னெண்டாவது மாசம் எங்கலே இருப்ப? கம்மாக்கரையிலயா?

சிரிக்காத. நெசமாத்தான் கேக்கேன். ஒரு வருசத்துக்கு மேலன்னு எழுதிட்டாப் பத்திர ஆபீசுல போயிப் பதியணும், செலவு. 1908-ல வெள்ளக்காரன் போட்ட பதிவுச் சட்டம் அப்பிடி. அதுக்காண்டி நாடு முச்சூடும் வாடகைக்கு இருக்கவன் பதினோரு மாசம் குடியிருக்கான். மறுபடி பதினோரு மாசம் குடியிருக்கான். எடையில ஒரு நாளாவது கட்டிலைத் தூக்கி வெளிய போட்டானா? கெடையாது. 2017-ல நம்ம சர்க்காரு புதுச் சட்டம் ஒண்ணு போட்டுச்சு. 2019-ல அது அமலுக்கு வந்து, எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும், அதை வாடகை அதிகாரிகிட்டப் பதியணும்னு ஆச்சு. உங்க வீட்டுக்காரம்மா பதிஞ்சாகளா? அந்தப் பேச்சை எடுத்தாத் தண்ணி மோட்டாரை நிறுத்திருதாகளா! நல்ல அம்மாதான்.

"எங்க முகவரிக்கு ஆதாரை மாத்தாத தம்பி, பின்னால வீடே எனக்குன்னு நிப்ப"ன்னு வேற சொன்னாகளாக்கும். அட்டையில நாலு வரி அச்சடிச்சா வீடு கைக்கு வந்துரும்னா, நான் என்னைக்கோ மதுரைக்குப் போயித் திருமலை நாயக்கர் மகாலுக்கு மாத்தியிருப்பனே. உங்க ஆச்சிக்கும் அந்தத் தூணு சவுரியமா இருக்கும், சாஞ்சுக்கிட.

அப்பம் நீ மெட்ராசுல கேசு வாங்கப் போன. ரேசன் கார்டு கேட்டான். ரேசன் கார்டுக்குப் போன. கேசு விவரம் கேட்டான். ரெண்டுக்கும் ஆதாரைக் காட்டுன. இதுல பழைய ஊருல்லா இருக்குன்னான். கயித்தை எடுக்கக் கெணத்துல எறங்கணும், கெணத்துல எறங்கக் கயிறு வேணும். இதைச் சொல்லி அழுகத்தான் முந்நூறு மைலு தாண்டி வந்திருக்க. வந்தது வந்த, மோரு குடி.

எங்க காலத்துல இந்தத் தொந்தரவே இல்லன்னு ஆரம்பிப்பேன்னுதான பாக்க? மாட்டேன். எங்க காலத்துல கர்ணமும் கிராம முன்சீப்பும் இருந்தாக. பரம்பரை உத்தியோகம். ஆரு பொறந்தா, ஆரு செத்தா, எந்தக் காடு ஆரு காடு, எல்லாம் அவுக பொட்டிக்குள்ள. வெத்தலக் கட்டு குடுக்க மறந்தவன் வெள்ளாமைக் காடு கணக்குல தரிசாயிரும். 1980-ல எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பரையை ஒரே எழுத்துல ஒழிச்சாரு. பொறவுதான் வி.ஏ.ஓ. வந்தாரு.

அப்பம் எவனும் அட்டை கேக்கல, வாஸ்தவம். புது ஊருக்குப் போனா ரெண்டே கேள்வி. "எந்த ஊரு?" "ஊருல எந்தத் தெரு?" மொதக் கேள்வி மரியாதைக்கு. ரெண்டாவதுதான் கேள்வி. தெருவைச் சொன்னாச் சாதி வந்துரும். டீயை எந்தக் கிளாசுல ஊத்தணும்னு கடைக்காரன் கைக்குத் தெரிஞ்சிரும். ஊருக்கே நம்மளைத் தெரியும்ங்கறது ஒண்ணும் பெரிய பெருமை இல்லலே. அதுக்கு இந்த ஆதாரு பன்னெண்டு நம்பரு தேவலைன்னு சில நாளு எனக்கே தோணும். நம்பருக்குத் தெரு கெடையாதுல்லா. என்ன, அட்டையிலயே முகவரி போட்டிருக்கா? ஆமா, அதையும் விட மாட்டான்.

சரி, குடியிருக்கதுன்னா என்னலே? சர்க்காரைக் கேளு. ஒவ்வொரு ஆபீசும் ஒண்ணு சொல்லும். 2016-ல வந்த ஆதார் சட்டத்துல, விண்ணப்பம் போடுறதுக்கு முந்தின பன்னெண்டு மாசத்துல 182 நாளு இந்த நாட்டுல இருந்தவன் குடியிருக்கவன். நாடு பூராவுக்கும் சேத்துன்னா அது லேசு. ஆனா அட்டையில ஒரு கதவு நம்பரும் வேணும்ல?

நம்ம கீதாரி வருவாரே, ராமநாதபுரத்துப் பக்கத்துக்காரரு, எரநூறு ஆட்டோட? இன்னைக்கி நம்ம மேக்காட்டுல கிடை. நாளன்னைக்கித் தெக்காட்டுல. அடுத்த மாசம் எந்தச் சீமையோ. அவரு ஊருல வீடு இருக்கு. அதுல அவரு படுத்து எந்திரிக்கிறது தீவாளிக்கும் கொலசாமிக் கும்பிடுக்குந்தான். அட்டையில இருக்க கதவுல பூட்டுத் தொங்குது. பூட்டைப் பாக்க வந்தவன் "குடிபெயர்ந்தார்"னு எழுதுவான். ஆட்டைப் பாக்க வந்தவன் "முகவரி இல்லை"ன்னு எழுதுவான். ரெண்டுக்கும் நடுவுல மனுசன் கம்பை ஊனிட்டு நிக்காரு. ஆனா அவரு ஆட்டுப் புழுக்கை வேணும்னு தேடுறான் பாரு காட்டுக்காரன், அவனுக்கு மட்டும் அவரு எந்த ஊருல எந்தக் காட்டுல இருக்காருன்னு எப்பவும் தெரியும்.

ஓட்டுச் சட்டத்துக்கு வா. 1950-ல எழுதுனது. ஒரு தொகுதியில ஓட்டு வேணும்னா அங்ஙன "சாதாரணமாகக் குடியிருக்கணும்". சாதாரணமான்னா? சொந்த வீடு இருக்குங்கிறதுக்காகவே குடியிருக்கான்னு ஆவாது. கொஞ்ச நாளு வெளிய போனதுக்காக இல்லன்னும் ஆவாது. செயில்ல கெடக்கவன் செயில்ல குடியிருக்கான்னும் ஆவாது. எல்லாம் எழுதியே வச்சிருக்கான். ஆக, இருவது வருசம் உள்ள கெடந்தாலும் அவன் செயிலுக்காரன் இல்ல. நீ ஆறு வருசமா மெட்ராசுல கெடக்க. உனக்கு அந்தச் சலுகை கெடையாது.

அதை விடு. நீ பொறந்தது எங்க? நம்ம ஊருலயா? இல்லய்யா, சாத்தூரு ஆசுபத்திரியில. தலைப்பிரசவம் தாய்வீட்டுலல்லா? 1969-ல ஒரு சட்டம் வந்துச்சு, புள்ளை எங்ஙன பொறந்துச்சோ அங்ஙன 21 நாளைக்குள்ள பதியணும்னு. ஆகக்கூடித் தலைப்புள்ளைக முக்காவாசி காகிதப்படிக்கு அம்மா ஊருக்காரன். நம்ம ஆளு பதினாறாம் நாளு பேரு வச்சி, மொட்டை அடிச்சி, அப்பன் ஊருக்குத் தூக்கிட்டு வந்துருவான். காகிதம் மட்டும் மாமனாரு ஊரைச் சொல்லிட்டே இருக்கும். ஒரு நாளு மாமனாருமாரு எல்லாம் ஒண்ணு சேந்து "எங்க ஊருப் புள்ளைகளைத் திருப்பிக் குடுங்க"ன்னு கேட்டா என்ன கெதி?

இடம் பெயந்தவகன்னா பேப்பருல என்ன படம் போடுறான்? ரயிலடியில மூட்டையோட ஆம்பளைப் பய. 2011 கணக்கெடுப்புல, முன்ன இருந்த ஊரை விட்டு வேற ஊருல இருக்கவக 45 கோடிக்கு மேல. அதுல பெரும்பங்கு பொம்பளைக. எதுக்குப் போனாக? கல்யாணம் கட்டிப் போனாக. மூட்டை கெடையாது, ரயிலடி கெடையாது, படமும் கெடையாது. உங்க ஆச்சியே எட்டு மைலு தள்ளி மாட்டு வண்டியில வந்தவதான். அறுவது வருசம் ஆச்சு, இன்னும் சண்டை வந்தா "எங்க ஊருல..."ன்னுதான் ஆரம்பிப்பா.

உங்க அத்தைய கெட்டிக் குடுத்த கதை சொல்றேன். தாலி கெட்டும்போது நான் அழல. மறுவீட்டுக்கு அனுப்பும்போதும் அழல. பந்திக் கணக்குல மண்டை சூடாக் கெடந்துச்சு. ஒரு மாசங் கழிச்சி மருமகன் வந்தாரு. "மாமா, அங்க ரேசன் கார்டுல பேரு சேக்கணும், இங்க நீக்கிச் சான்று வாங்கணும்." சரின்னு தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஒரு அம்மா கார்டை வாங்குனாக. சிவப்பு மையி. அளவுகோலை வச்சி, பேருக்கு நட்ட நடுவுல ஒரு கோடு. கையெழுத்து, சீலு. "அடுத்து ஆரு?"ன்னாக. அந்தக் கோட்டைப் பாத்துட்டே பஸ்ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். பஸ்ஸுல உக்காந்து துண்டை வாயில பொத்திட்டு அழுதேன். உங்க ஆச்சி இன்னைக்கும் நம்பல. தலைக்கு அரைக் கிலோ சீனி குறைஞ்சி போச்சேன்னுதான் அழுதேன்ங்கா.

இப்பம் அந்தக் காகிதக் கார்டு இல்ல. 2017-ல இருந்து சுமார்ட்டு கார்டு. பேரை நீக்குனாக் கோடு கூடத் தெரியாது. சுத்தம்.

அந்தக் கார்டுக்கு வெரலு வைக்கணும்ல, அது ஒரு கூத்து. நாப்பது வருசம் தீப்பெட்டி ஆபீசுல குச்சிக்கு மருந்து முக்குன கையி இது. போன மாசம் கடையில வச்சேன். செவப்பு லைட்டு.

"தாத்தா, தலையில தேச்சிட்டு வையிங்க."

தேச்சேன். செவப்பு.

"அடுத்த வெரலு."

செவப்பு. பத்து வெரலும் ஆச்சு. பின்னால நின்னவ ஒருத்தி, "கால் வெரலு ஒண்ணுதான் பாக்கி, அதையும் வச்சிரும்"ங்கா. வரிசையே சிரிக்கி. கடைக்காரப் பயலுக்கு என்னை அவன் டவுசரு போட்ட காலத்துல இருந்து தெரியும். எங்க வீட்டுப் புளியமரத்துல ஏறிக் கையை ஒடிச்சவன். ஆனாலும் அவன் என்ன செய்வான்? "எனக்குத் தெரியுது தாத்தா, மிசினுக்குத் தெரிய மாட்டேங்கு"ங்கான். பொறவு கண்ணைக் காட்டச் சொன்னான். அதுல புரை எடுத்திருக்கு. முழிச்சி முழிச்சிப் பாத்ததுல கடைசியாப் பச்சை எரிஞ்சிச்சு.

எனக்குப் பின்னால ஒரு பீகாருப் பய நின்னான். மில்லுல வேலை பாக்கான். அவன் ஊருக் கார்டு, அவன் ஊரு நம்பரு. 2020 அக்டோபருல இருந்து நம்ம ஊருலயும் அது செல்லும்ல, நாடு பூராவுக்கும் ஒரே கார்டுன்னு. வெரலை வச்சான். பட்டுன்னு பச்சை! எழுவது வருசத்துக்கு மேலா இந்த ஊருத் தண்ணி குடிச்ச வெரலு எனக்குச் செவப்பு. முந்தா நாளு எறங்குன வெரலுக்குப் பச்சை. பய பையைத் தோளுல போட்டுட்டு என்னைப் பாத்துச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். பொறாமை இல்லலே. அவன் பொழைக்கப் போன எடத்துல அவன் அரிசி அவன் கூட வந்திருக்கு. சர்க்காரு சொன்ன இத்தனை அட்டையிலயும் எனக்குப் புடிச்ச சோலி இது ஒண்ணுதான். ஆளு நகந்தாச் சோறும் நகருது.

ஆனா ரேகைங்கற பேச்சை உசிலம்பட்டிப் பக்கம் போயி வெளையாட்டாப் பேசிராத. அங்ஙன அந்தச் சொல்லுக்கு வேற கதை இருக்கு. வெள்ளக்காரன் 1871-ல ஒரு சட்டம் போட்டான், சில சாதிகளைப் பொறப்புலயே குற்றவாளின்னு. 1911-ல அது நம்ம பக்கமும் வந்துச்சு. சனங்க அதைச் சட்டம்னு சொல்லல, ரேகைன்னு சொன்னாக. ஆம்பளை பூராம் கை ரேகை குடுக்கணும். ராத்திரி சொந்தத் திண்ணையில படுக்கக் கூடாது, சாவடியில போலீசு கண்ணு முன்னால வந்து படுக்கணும். பக்கத்து ஊருக்குச் சாவுக்குப் போறதுன்னாலும் ராதாரிச் சீட்டு வேணும். எங்க இருக்க, எங்க போற, எப்ப திரும்புவ, எல்லாம் அதுல இருக்கும். பெருங்காமநல்லூருல சனங்க ரேகை வைக்க மாட்டோம்னு நின்னாக. 1920 ஏப்ரல் 3. சுட்டான். 16 பேரு. அதுல ஒரு பொம்பளையும் உண்டு.

நீ எங்க இருக்கன்னு சர்க்காரு கேக்கும்போது, சோறு போடக் கேக்கானா, கட்டிப் போடக் கேக்கானான்னு பாத்துக்கிடணும். கேள்வி ஒண்ணுதான்.

இதே வெள்ளக்காரன் அவன் ஊருல என்ன செஞ்சான் தெரியுமா? 1939-ல சண்டை வரவும் எல்லாருக்கும் அடையாள அட்டை குடுத்தான். 1945-ல சண்டை முடிஞ்சிச்சு. அட்டை முடியல. போலீசு எதுக்கெடுத்தாலும் அட்டையைக் காட்டுன்னான். 1950-ல கிளாரன்ஸ் வில்காக்னு ஒரு மனுசன் லண்டன்ல காரோட்டிட்டுப் போனாரு. துணி சலவை செய்யிற கம்பெனியில மேனேசரு. வேகமாப் போனாருன்னு போலீசு நிப்பாட்டி அட்டையைக் கேட்டுச்சு. முடியாதுன்னுட்டாரு. வழக்குப் போட்டாக. தோத்தாரு. மேல கோர்ட்டுலயும் தீர்ப்பு அவருக்கு ஆவல. ஆனா அந்த நீதிபதியே, சண்டைக்குன்னு கொண்டாந்ததை இதுக்கெல்லாம் நீட்டுனா ஒழுங்கா இருக்கவனும் சட்டத்தை மீறுவான்னு சர்க்காரைக் குட்டுனாரு. 1952 பிப்ரவரியில அட்டையே போயிருச்சு. ஒரு மனுசன் முடியாதுன்னான், போச்சு. நம்ம ஊருல 16 பேரு செத்தும் போவல. அந்த ரேகைச் சட்டம் நாடு முச்சூடும் ஒழிஞ்சது எப்பம்? அதே 1952-ல, ஆகஸ்டு 31. சுதந்திரம் வந்து அஞ்சு வருசங் கழிச்சி.

கொஞ்சம் அந்தச் செம்பை எடு. தொண்டை காயிது.

தீப்பெட்டி ஆபீசுச் சங்கத்துல இருந்தப்ப "சோவியத் நாடு"ன்னு ஒரு பத்திரிகை வரும். வழவழன்னு காகிதம். உங்கப்பன் நோட்டுக்கு அட்டை போட அதுதான். டிராக்டரு மேல நின்னு குடியானவன் சிரிப்பான் பாரு, அப்பிடி ஒரு சிரிப்பு. நான் ரொம்ப நாளு அந்தச் சிரிப்பை நம்புனேன். பின்னாலதான் படிச்சேன். அந்த நாட்டுல 1932-ல உள்ளூருக்கே பாஸ்போர்ட்டு கொண்டாந்தாக. பட்டணத்துல இருக்கணும்னா "புரொப்பீஸ்கா"ன்னு போலீசுப் பதிவு வேணும். கூட்டுப்பண்ணைக் குடியானவனுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது. பாஸ்போர்ட்டு இல்லன்னாப் பட்டணத்துல பதிவும் கெடையாது. பாட்டாளி நாடு, ஆனா பாட்டாளி பண்ணையை விட்டு நகரணும்னா மேலிடத்துச் சீட்டு வேணும். 1974-லதான் அவனுக்கும் குடுக்கலாம்னு உத்தரவு வந்துச்சு. நாப்பது வருசத்துக்கு மேல டிராக்டரு மேலயே நின்னு சிரிச்சிருக்கான். எறங்க எடம் இல்ல போல.

சீனாக்காரன் 1958-ல அவன் பங்குக்கு "ஹூகோவ்"னு ஒண்ணு எழுதுனான். பொறக்கும்போதே நீ காட்டுக்காரன், நீ பட்டணத்தான்னு முத்திரை. காட்டுக்காரன் பட்டணத்துக்குப் போயி மாடி மேல மாடி கெட்டலாம். அந்த மாடிக்குப் பக்கத்துல இருக்க சர்க்காரு பள்ளிக்கூடத்துல அவன் புள்ளைக்கு எடங் கெடைக்கிறது குதிரைக்கொம்பு. 2014-ல அந்தப் பிரிவினையை எடுத்துருதோம்னு சொன்னாக. சொன்னாக.

உங்க பெரியத்தை மக செருமனியில இருக்காள்ல, அவளைக் கேளு. அங்ஙன வீடு மாறுனா ரெண்டு வாரத்துக்குள்ள ஆபீசுல போயிப் பதியணும். வீட்டுக்காரன் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணும், குடுக்கலைன்னா அவனுக்குத் தண்டம். உங்க வீட்டுக்காரம்மா அங்ஙன இருந்தாத் தெரியும் சேதி. அடுத்த தெருவுக்குப் போனாலும் பதியணுமாம். இவ பதியப் போனா, ஆபீசுல நாளு குறிச்சிக் குடுக்கவே அஞ்சு வாரம் ஆயிருச்சாம். ரெண்டு வாரத்துக்குள்ள வந்துரணும், ஆனா அஞ்சு வாரங் கழிச்சித்தான் வரணும்! வெள்ளைத்தோலு சர்க்காருன்னா ஒழுங்கா இருக்கும்னு நெனைச்சிட்டு இருந்தேன். சர்க்காருக்குத் தோலு கெடையாதுலே, எல்லா ஊருலயும் ஒரே குடும்பந்தான்.

நம்ம கதைக்கு வருவோம். 2025 நவம்பரு 4-ந் தேதியில இருந்து வாக்காளர் பட்டியலைத் திருத்துறோம்னு வீடு வீடா வந்தாகள்ல? நம்ம வீட்டுக்கு வந்தது அங்கன்வாடி டீச்சரு. ஆரு? கெழக்குத் தெரு முத்தையா மக. அவ பொறந்தப்பச் சீனித்தண்ணி தொட்டு வச்சது உங்க ஆச்சி. திண்ணையில இந்தா இதே எடத்துல உக்காந்தா. பாரத்தை எடுத்தா.

"தாத்தா, உங்க பேரு?"

நான் அவ மொகத்தைப் பாத்தேன். அவ குனிஞ்சிக்கிட்டா.

"எழுதணும் தாத்தா."

சொன்னேன். அய்யா பேரைக் கேட்டா. சொன்னேன். பழைய பட்டியல்ல, இருவது வருசத்துக்கு முந்தினது, அதுல எந்தப் பாகம், எத்தனாவது வரிசைன்னு கேட்டா. நான் உங்க பாட்டி வயித்துல எத்தனாவது புள்ளை உங்கம்மான்னு கேட்டேன். சிரிச்சிட்டா. பாவம், அவளுக்கு ஒரு நாளைக்கி இத்தனை வீடுன்னு கணக்கு. காலுல வெடிப்பு, கையில செல்லு, செல்லுல சிக்னலு கெடையாது. சிக்னலு வேணும்னு நம்ம மாட்டுத் தொழுவத்து மேட்டுல ஏறி நின்னா. போன் நம்பரு கேட்டா, எனக்கு ஏது? உங்கப்பன் நம்பரைச் சொன்னேன்.

பொறவு உன்னைக் கேட்டா. "பேரன் இங்க இருக்கானா தாத்தா?"

என்ன சொல்ல? இருக்கான்னா இருக்க. கொடியில உஞ் சட்டை தொங்குது. பரணுல உன் கேரம் போர்டு கெடக்கு. ஆச்சி வாராவாரம் உன் கட்டிலைத் தட்டி விரிக்கா. இல்லன்னா இல்ல. ஆறு வருசத்துல நீ வந்து படுத்த நாளை எண்ணுனா அந்தக் கட்டிலுக்கே உன் மொகம் மறந்திருக்கும். அவ பேனாவைப் புடிச்சிட்டு நிக்கா. ஒரு கட்டத்துல டிக்கு அடிக்கணும். பாதி இருக்கான்ங்கறதுக்குக் கட்டம் இல்ல.

"வருவான் தாயி"ன்னேன். அவளும் அதை எழுத எடமில்லாம, பாரத்தை வச்சிட்டுப் போயிட்டா. பொறவு உங்கப்பன்தான் என்னமோ எழுதிக் குடுத்தான்.

இனி சனத்தொகைக் கணக்கெடுப்பு வேற வருதுல்லா? 2021-ல வந்திருக்கணும். கொரோனா தள்ளிருச்சு. இப்பம் 2027 மார்ச் 1-ந் தேதியை வச்சிக் கணக்காம். செல்லுலயே எழுதுவாகளாம். எழுதட்டும். 1881-ல இருந்து 2011 வரைக்கும் பத்து வருசத்துக்கு ஒருக்கா நாடு பூராம் எண்ணிட்டுத்தான் வந்தாக. வீடில்லாதவனைக் கூட விடுறது கெடையாது. போன தடவை, 2011-ல, பிப்ரவரி 28-ந் தேதி ராத்திரி பாலத்தடியிலயும் கோயில் வாசல்லயும் தேடித் தேடி எண்ணுனாக. அந்த ஒரு ராத்திரி மட்டும் அவனுகளைத் தேடிச் சர்க்காரு போயிருக்கு. மத்த நாளு அவனுகதான் சர்க்காரைத் தேடுறானுக.

அந்தக் கணக்குல ஒரு சங்கதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். குடும்பம்னா என்னன்னு அதுல எழுதியிருக்கு. ஒரே ரத்தம்னு எழுதல. ஒரே கூரைன்னும் எழுதல. சேந்து இருந்து, ஒரே அடுப்புல பொங்கித் திங்கிறவக. அம்புட்டுத்தான். ஒரு வீட்டுக்குள்ள அண்ணன் தம்பி ரெண்டு அடுப்பு வச்சிருந்தா ரெண்டு குடும்பம். கல்யாணத்துல ஒட்டி நின்னு படம் புடிச்சாலும் ரெண்டுதான். எவன் எழுதுனானோ, அவன் வீட்டுல மாமியாரும் மருமகளும் இருந்திருக்கணும். இல்லன்னா இம்புட்டு நுணுக்கம் வராது.

அதை வச்சிப் பாத்தா நீ எந்த ஊருக்காரன்? மெட்ராசுல உனக்கு அடுப்பு உண்டா? கேசுதான் கெடைக்கலையே! செல்லை அமுக்குற, எவனோ ஒரு பய மழையில நனைஞ்சி பொட்டலத்தைக் கொண்டாந்து குடுக்கான். அந்தப் பயலுக்கு மட்டும் உன் வீடு தெரியுது பாத்தியா. மூணாவது மாடி, எடது பக்கம், செருப்பு ஸ்டாண்டு இருக்க வீடு. அவன்கிட்ட நீ கரண்டு பில்லு காட்டுனியா? இதுல ஒரு சான்று வாங்கிப் பாரேன், செல்லுமான்னு.

கோவப்படாத. காகிதத்தை எல்லாம் பைக்குள்ள போடு. காத்து அடிக்கி, பறந்துச்சுன்னா ஆடு தின்னுரும். போன வருசம் வி.ஏ.ஓ. குடுத்த சான்று ஒண்ணைத் தின்னுட்டு, ரெண்டு நாளு அது யாரையும் மதிக்கல.

அந்தா, உள்ள இருந்து ஆச்சி கூப்புடுறா, கேக்கா? ஒலைக்கு எத்தனை ஆழாக்கு அரிசி போடன்னு கேக்கா. ஏழரைக்கு ஒரு பஸ்ஸு இருக்கு, காலையில அஞ்சுக்கு ஒண்ணு இருக்கு. ராத்திரிச் சோத்துக்கு இருக்கியா, கெளம்புறியா? மொதல்ல அவளுக்குப் பதிலைச் சொல்லு.